நிதிச்சந்தையின் ஆழத்தை அளத்தல்: அபிராமபுரம் – மயிலாப்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தனியார்துறைக் கடன், பண அளிப்பு, பங்குச்சந்தை மதிப்பு ஆகியவற்றை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து ஒரு நாட்டின் நிதிச்சந்தை ஆழத்தைக் கணிப்பது பொருளியலில் நிலைபெற்ற வழக்கம். அவ்வழக்கத்தின் வரம்புகளைத் தென்சென்னையின் அபிராமபுரம், மயிலாப்பூர், தியாகராய நகர் வட்டாரத்தின் சேமிப்பு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. வழக்கிலுள்ள விகிதங்கள் இரு வகையில் பிழைபடுகின்றன. நிதிகள், ஏலச்சீட்டுகள், நகைச் சேமிப்புத் திட்டங்கள் போன்றவற்றை அவை எண்ணாமல் விடுகின்றன. எண்ணுபவற்றிலோ, திரும்பப் பெறத்தக்க தொகையையும் பெற இயலாத தொகையையும் ஒன்றாகவே கூட்டுகின்றன. ஆழம் என்பதைக் கொள்ளளவாக மட்டும் கொள்ளாமல் தாங்குதிறனாகவும் அளக்க வேண்டும் என்பதும், அதற்கான தரவுகளில் ஒரு பகுதி அரசுத்துறைகளிடம் ஏற்கெனவே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நிதிச்சந்தை ஆழம், தனியார்துறைக் கடன் விகிதம், நிதி நிறுவனங்கள், ஏலச்சீட்டு, வைப்புப் பாதுகாப்பு, மயிலாப்பூர்.

முன்னுரை

வளரும் நாடுகளின் நிதித்துறையை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகின்றன. தனியார்துறைக்கு வழங்கப்பட்ட கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்பதே அவ்வெண். அது உயர்ந்தால் நிதித்துறை ஆழமடைந்தது என்றும், தாழ்ந்திருந்தால் ஆழமற்றது என்றும் பொருள் கொள்ளப்படுகிறது. அவ்வெண்ணை உயர்த்துவதே கொள்கை இலக்காகவும் ஆகிவிடுகிறது. எனவே அது எதை அளக்கிறது, எதை விடுகிறது என்னும் வினா கணக்கியல் வினாவாக மட்டும் நிற்பதில்லை. யாருடைய சேமிப்பு அரசின் பார்வைக்கு வருகிறது, யாருடையது வராமல் போகிறது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

இவ்வினாவை ஆராய அபிராமபுரமும் அதனைச் சூழ்ந்த மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர்ப் பகுதிகளும் ஏற்ற களம். வங்கிக் கிளைகள், அஞ்சலகச் சேமிப்பு, நிதிகள், சீட்டு நிறுவனங்கள், அடகுக்கடைகள், நகைக்கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டங்கள் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவிலோ ஒரு பேருந்துப் பயணத்திலோ இங்குக் கிடைக்கின்றன. 1872இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆர்பத்நாட் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பின் 1907இல் இந்தியன் வங்கி உருவாக முன்னின்றவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆழமும் ஆழமின்மையும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்த வரலாறு இவ்வட்டாரத்துக்கு உண்டு.

ஆழம்: ஒரு சொல், இரு பொருள்

நிதிப் பொருளியலில் ஆழம் என்னும் சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது பேரியல் பொருள். ரேமண்ட் கோல்ட்ஸ்மித் 1969இல் வெளியிட்ட நூலில் 35 நாடுகளின் நிதிச் சொத்துகளை நாட்டின் செல்வத்தோடு ஒப்பிட்டார். 1973இல் ரொனால்ட் மெக்கின்னனும் எட்வர்ட் ஷாவும் வட்டிவிகிதக் கட்டுப்பாடுகள் நிதித்துறையின் வளர்ச்சியை ஒடுக்குகின்றன என வாதிட்டபோது, நிதி ஆழமாதல் என்னும் கருத்து கொள்கை வகுப்போரிடம் பரவியது. 1993இல் ராபர்ட் கிங்கும் ராஸ் லெவினும் ஏறத்தாழ 80 நாடுகளின் தரவுகளைக் கொண்டு நிதித்துறையின் அளவுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். இம்மரபில் ஆழம் என்பது அளவு, அதாவது பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பது.

இரண்டாவது நுண்ணியல் பொருள். ஆல்பர்ட் கைல் 1985இல் எழுதிய கட்டுரை சந்தையின் நீர்மைத்தன்மையை இறுக்கம், ஆழம், மீள்திறன் என மூன்றாகப் பகுத்தது. அங்கு ஆழம் என்பது விலையை ஓரலகு அசைக்க எவ்வளவு பெரிய ஆணை தேவை என்பதைக் குறிக்கும். ஒருவர் பெருந்தொகைக்கு விற்க முனையும்போதும் விலை சரியாமல் நின்றால் அச்சந்தை ஆழமானது. பங்குச்சந்தை ஆய்வில் இன்றும் இப்பொருளே ஆளப்படுகிறது. இம்மரபில் ஆழம் என்பது தாங்குதிறன், அதாவது அழுத்தம் வரும்போது என்ன நிகழ்கிறது என்பது.

இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டியதில்லை. அளவில் பெரிய சந்தை அழுத்தத்தில் உடையலாம். சிறிய சந்தை தாங்கலாம். ஆயினும் வளரும் நாடுகளைப் பற்றிய ஆய்வுகளில் முதற்பொருளில் பெற்ற எண்ணுக்கு இரண்டாம் பொருளின் நம்பகத்தன்மை சத்தமின்றி ஏற்றிவைக்கப்படுகிறது. விகிதம் உயர்ந்தது என்னும் செய்தி, சேமிப்பு பாதுகாப்பாக உள்ளது என்னும் செய்தியாகப் படிக்கப்படுகிறது. இம்மயக்கமே வழக்கிலுள்ள அளவைகளின் அடிப்படைக் குறை.

விகிதங்களின் வளர்ச்சியும் அவற்றின் மீதான திறனாய்வும்

அளவுசார் மரபு தன்னைத் திருத்திக்கொள்ளாமல் இருந்ததில்லை. 1998இல் ராஸ் லெவினும் சாரா ஜெர்வோஸும், பங்குச்சந்தையின் மொத்த மதிப்பைக் காட்டிலும் அதன் நீர்மைத்தன்மையே வளர்ச்சியோடு உறுதியான தொடர்புடையது எனக் காட்டினர். உலக வங்கியின் நிதி வளர்ச்சித் தரவுத்தளம் ஆழம், அணுகல், திறன், நிலைப்பாடு என நான்கு பரிமாணங்களைப் பிரித்துக் காட்டுகிறது. பன்னாட்டு நிதியம் 2016இல் வெளியிட்ட நிதி வளர்ச்சிச் சுட்டெண் ஆழம், அணுகல், திறன் என்னும் மூன்றைக் கொள்கிறது. ஆர்கண்ட், பெர்க்ஸ், பனிஸா ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, தனியார்துறைக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 100 விழுக்காட்டை நெருங்கியபின் வளர்ச்சிக்கு எதிராகத் திரும்பலாம் என்றது.

இத்திருத்தங்கள் மதிக்கத்தக்கவை. ஆனால் அவை பரிமாணங்களைப் பெருக்கினவே அன்றி, ஆழம் என்னும் பரிமாணத்தின் உள்ளடக்கத்தை வினவவில்லை. மிகுதியான கடன் தீது எனக் கூறும் ஆய்வும் கடனின் அளவையே எண்ணுகிறது.

பங்குச்சந்தை மதிப்பை உற்பத்தியால் வகுக்கும் விகிதத்தில் இக்குறை இன்னும் தெளிவாகப் புலப்படும். 2020 ஜனவரியில் மும்பைப் பங்குச்சந்தையின் சென்செக்ஸ் 42,000 புள்ளிகளை ஒட்டி இருந்தது. மார்ச் 23 அன்று 26,000 புள்ளிகளுக்குக் கீழே முடிந்தது. 2021 பிப்ரவரியில் 50,000 புள்ளிகளைக் கடந்தது. இவ்விகிதத்தை ஆழமெனக் கொண்டால், இந்திய நிதிச்சந்தை இரண்டு மாதங்களில் தன் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து, அடுத்த பதினொரு மாதங்களில் அதை ஏறத்தாழ இருமடங்காக்கியது என்று சொல்ல நேரும். அக்காலத்தில் உற்பத்தி சுருங்கியதால் வகுஎண் குறைந்து, விகிதம் மேலும் உயர்ந்தது. சந்தையின் அமைப்பிலோ நிறுவனங்களின் நிதிதிரட்டும் ஆற்றலிலோ இதற்கு ஈடான மாற்றம் நிகழவில்லை. மாறியது விலை மட்டுமே.

விற்றுமுதலை ஆழத்தின் அடையாளமாகக் கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்படைந்ததாகக் கூறுகிறது. வணிகம் பெருகியதை மட்டும் காட்டும் எண் இவ்விழப்பைக் காட்டாது.

அளவையில் அகப்படாதவை

நாட்டளவிலான விகிதங்களை விட்டு ஒரு குடும்பத்தின் கணக்கேட்டுக்கு வந்தால், எண்ணப்படாதவற்றின் பரப்பு விளங்கும். விளக்கத்துக்காக அபிராமபுரத்தில் வாழும் ஓய்வூதியர் இணையரையும், அவ்வீட்டில் சமையல் வேலை செய்யும் பெண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். இணையரிடம் வங்கி வைப்பு, அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பு, ஒரு நிதியில் வைப்பு, பதிவுபெற்ற நிறுவனத்தில் ஒரு சீட்டு ஆகியவை இருக்கின்றன. வேலை செய்யும் பெண்ணிடம் அடகுக்கடையில் ஒரு வளையல், தெருவில் நடக்கும் ஒரு மாதச் சீட்டு, தியாகராய நகர் நகைக்கடையில் ஒரு சேமிப்புத் திட்டம் ஆகியவை இருக்கின்றன.

பண அளிப்பின் விரிந்த அளவையான எம்3 என்பது பொதுமக்களிடமுள்ள பணத்தையும் வங்கி வைப்புகளையும் கொண்டது. மேற்கண்ட ஏழு இனங்களுள் அதில் சேர்வது இணையரின் வங்கி வைப்பு ஒன்றே. அஞ்சலகச் சேமிப்பு எம்3-இல் இல்லை. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான பணிக்குழு 1998இல் எல்1, எல்2, எல்3 என்னும் நீர்மைத்தொகுதிகளைப் பரிந்துரைத்தபோதுதான் அஞ்சலக வைப்பும், வங்கியல்லா நிதி நிறுவனங்களின் பொது வைப்பும் தனி வரிசைகளில் இடம்பெற்றன. ஒப்பீட்டு ஆய்வுகளோ பெரும்பாலும் எம்3-ஐயோ வங்கிக் கடனையோ மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. வேலை செய்யும் பெண்ணின் மூன்று இனங்களும் எத்தொகுதியிலும் இல்லை.

இவ்விடுபாடு தற்செயலானதன்று. ஒழுங்குமுறையின் பிரிவினை எங்கெல்லாம் செல்கிறதோ அங்கெல்லாம் தரவின் பிரிவினையும் செல்கிறது. வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு விவரம் அளிக்கின்றன. நிதிகள் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 406ஆம் பிரிவின்கீழும் 2014ஆம் ஆண்டு நிதி விதிகளின்கீழும் நடுவண் நிறுவன விவகார அமைச்சகத்துக்கு அறிக்கை அளிக்கின்றன. சீட்டுகள் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் மாநிலப் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் பதிவாகின்றன. அடகுக்கடைகள் 1943ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடகுக்கடைக்காரர் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுகின்றன. நான்கு பதிவேடுகள் உள்ளன; அவற்றைக் கூட்டிப் படிக்கும் ஐந்தாவது பதிவேடு இல்லை.

சட்டத்தின் சொல்வரையறையும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45ஐ பிரிவு, சீட்டுச் சந்தாவை வைப்புத்தொகை என்னும் சொல்லின் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. நகைக்கடைகளின் சேமிப்புத் திட்டம் பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிவதற்கும் சட்டக் காரணம் உண்டு. பொருள் வழங்கப் பெற்ற முன்பணம் 365 நாளுக்குள் ஈடுசெய்யப்பட்டால், 2014ஆம் ஆண்டு நிறுவனங்கள் வைப்பு ஏற்பு விதிகளின்படி அது வைப்பாகாது. ஆக, மாதந்தோறும் சேமிக்கும் பெண்ணின் பார்வையில் அது சேமிப்பு. சட்டத்தின் பார்வையில் நகை வாங்கக் கொடுத்த முன்பணம். அளவையின் பார்வையில் அது இல்லவே இல்லை.

ஏலச்சீட்டின் இயக்கம் அளவையின் வகைப்பாட்டையே சோதிக்கிறது. 20 பேர் மாதம் ரூ.5,000 வீதம் 20 மாதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் மாத ஏலத்தில் ஒருவர் ரூ.20,000 தள்ளி எடுத்தால் அவர் கையில் ரூ.80,000 கிடைக்கும். தள்ளிய தொகையில் நடத்துநரின் கமிஷன் 5 விழுக்காடு எனில் ரூ.5,000 போக, மீதி ரூ.15,000 இருபது பேருக்கும் தலா ரூ.750 எனப் பிரியும். அம்மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது ரூ.4,250. முதலில் எடுத்தவர் கடனாளி, கடைசியில் எடுப்பவர் சேமிப்பாளர், இடையில் எடுப்பவர் பாதிக் காலம் சேமிப்பாளராகவும் மறுபாதிக் காலம் கடனாளியாகவும் இருக்கிறார். வைப்பு, கடன் என்னும் இரு நிரல்கள் கொண்ட அளவையில் இவரை எந்நிரலில் எழுதுவது? கடன் தேவையும் சேமிப்பும் இங்கு ஒரே ஏலத்தில் விலை பெறுகின்றன. சந்தை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. எனினும் நிதிச்சந்தை ஆழத்தின் கணக்கில் இதற்கு இடமில்லை.

அளவையில் அகப்பட்டும் தாங்காதவை

மேற்கண்ட திறனாய்வு இத்துடன் நின்றால் அதன் முடிபு எளிதாக அமையும். விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினால் உண்மையான ஆழம் கிடைத்துவிடும் என்பதே அம்முடிபு. ஆனால் இவ்வட்டாரத்தின் வரலாறு அதை ஏற்க விடுவதில்லை.

1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் நிறுவனம் கதவை மூடியது. சென்னையில் நெடுங்காலம் நிலைத்த பெயர் அது. அரசு ஊழியரும் வழக்கறிஞரும் சிறு சேமிப்பாளரும் அதில் வைப்பு வைத்திருந்தனர். அதனோடு பிணைந்த லண்டன் நிறுவனத்தின் ஊக வணிக இழப்புகள் சென்னை வைப்பாளரின் கண்ணுக்குத் தெரியாமல் பெருகின. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் தண்டனை பெற்றார். வீழ்ச்சிக்கு முந்தைய நாள் சென்னையின் வைப்புகளை யாரேனும் கூட்டியிருந்தால் ஆர்பத்நாட்டின் வைப்புகளும் ஆழத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டிருக்கும்.

1990களின் நடுப்பகுதியில் சென்னையில் உயர்ந்த வட்டியை முன்வைத்து வைப்புத் திரட்டிய பல பைனான்ஸ் கம்பெனிகளும் பெனிபிட் பண்டுகளும் வீழ்ந்தன. தமிழ்நாடு அரசு 1997இல் நிதி நிறுவனங்களில் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் வங்கியல்லா நிதி நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்குக் கிடைத்தது. பெனிபிட் பண்டுகளாகிய நிதிகளோ நிறுவனச் சட்டத்தின் வரம்பிலேயே தொடர்ந்தன.

2024இல், தொடங்கப்பட்டு 152 ஆண்டுகள் ஆன நிலையில், மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு மீது வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கவில்லை என வைப்பாளர்கள் முறையிட்டனர். பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகளின் உண்மையை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். இக்கட்டுரையின் நோக்கத்துக்குப் போதுமான செய்தி வேறு. தலைமுறைகளாக நம்பப்பட்ட ஓரிடத்தில் வைப்பு வைத்த முதியோர், அத்தொகையைக் கேட்டபோது பெற இயலவில்லை.

மூன்று நிகழ்வுகளிலும் ஓர் ஒழுங்கு புலனாகிறது. வீழ்ச்சிக்கு முன் அளவு குறையவில்லை, வைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஆழத்தை அளவாகக் கொள்ளும் குறியீடு வீழ்ச்சிக்கு முந்தைய நாளிலும் தன் உயர்ந்த மதிப்பையே காட்டும். முதற்பொருளில் ஆழமான இடம் இரண்டாம் பொருளில் ஆழமற்றதாக இருந்தது. எனவே விடுபட்டவற்றைச் சேர்த்து எண்ணுவது மட்டும் தீர்வாகாது. நிதிகளின் வைப்புகளை 2023இல் யாரேனும் கூட்டிக் காட்டியிருந்தால் அந்த எண் சென்னையின் ஆழத்தை மிகைப்படுத்தியிருக்கும்.

இடமும் ஆழமும்

அளவையின் மற்றொரு குறை, அது இடத்தை எங்ஙனம் கருதுகிறது என்பதில் உள்ளது. நசிகேத் மோர் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 2014 ஜனவரியில் அளித்த அறிக்கை, நாட்டளவோடு நில்லாமல் கீழ்நிலை அலகுகளிலும் நிதி ஆழத்தை இலக்காக வைக்க முயன்றது. கடன் விகிதம் 2016 தொடக்கத்தில் குறைந்தது 10 விழுக்காடாகவும் 2020 தொடக்கத்தில் 50 விழுக்காடாகவும் உயர வேண்டும் என்பது அதன் நோக்கு. ஆழம் நாட்டின் சராசரியில் மறைந்துவிடக் கூடாது என்னும் அதன் உள்ளக்கருத்து பாராட்டத்தக்கது.

ஆயினும் கடன் வழங்கப்பட்ட இடமும் பயன்பட்ட இடமும் ஒன்றல்ல. ரிசர்வ் வங்கியின் அடிப்படைப் புள்ளியியல் விவரங்கள் இவ்விரண்டையும் தனித்தனியே தருவதே இதற்குச் சான்று. தென்சென்னையின் ஒரு கிளையில் ஒப்புதல் பெற்ற கடன் வேறொரு மாவட்டத்து ஆலையில் செலவாகலாம். அபிராமபுரத்து ஓய்வூதியரின் வைப்பு அத்தெருவில் கடை வைத்திருப்பவருக்குக் கடனாக வந்ததா என்பதைக் கடன்–வைப்பு விகிதம் சொல்லாது.

சந்தையே இடம்பெயர்ந்ததற்கும் சென்னையில் எடுத்துக்காட்டு உண்டு. 1920இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் மறைந்து, 1937இல் மீண்டும் அமைந்த சென்னைப் பங்குச்சந்தை, 1994இல் தேசியப் பங்குச்சந்தையின் திரைவழி வணிகம் தொடங்கியபின் விற்றுமுதலை இழந்தது. செபியின் 2012ஆம் ஆண்டு வெளியேற்றக் கொள்கை ஆண்டுக்கு ரூ.1,000 கோடி விற்றுமுதலைக் கோரியது. 2015 மே மாதத்தில் சென்னைச் சந்தை விலகச் செபி ஆணையிட்டது. நாட்டளவில் சந்தை ஆழமடைந்ததாகப் பதிவான அதே காலத்தில், வட்டாரச் சிறு நிறுவனங்களின் பங்குகள் கைமாறும் இடம் மறைந்தது. முதலீட்டாளருக்கு அது ஆதாயமாக இருந்திருக்கலாம். சிறு நிறுவனங்களுக்கும் அவ்வாறே இருந்ததா என்பது தனி ஆய்வுக்கு உரியது. ஒரே விகிதத்தால் இரண்டையும் சொல்ல இயலாது என்பது மட்டும் உறுதி.

மறுப்பும் விடையும்

இத்திறனாய்வுக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது அளவு பற்றியது. நிதிகளும் சீட்டுகளும் நாட்டின் மொத்த நிதிச் சொத்தில் சிறு பகுதியே. அவற்றை விடுவதால் நாட்டளவிலான விகிதம் பெரிதாக மாறாது. இம்மறுப்பு நாடுகளை ஒப்பிடும் ஆய்வுக்குப் பொருந்தும். ஆனால் மாவட்டம், வட்டாரம், வருவாய்ப்பிரிவு என ஆழத்தை இறக்கி அளக்கும்போது பொருந்தாது. தருண் ராமதுரை தலைமையிலான குடும்ப நிதிக் குழு 2017இல் அளித்த கணிப்பின்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் செல்வத்தில் 84 விழுக்காடு நிலமும் பிற பொருட்சொத்துகளும், 11 விழுக்காடு தங்கமும், 5 விழுக்காடு நிதிச் சொத்துமாகும். அந்த 5 விழுக்காட்டுக்குள் நிகழும் ஒரு தவறு ஒரு குடும்பத்தின் ரொக்கச் சேமிப்பு முழுவதையும் விழுங்கக்கூடும்.

இரண்டாவது மறுப்பு ஒப்பீட்டுத்தன்மை பற்றியது. எல்லா நாடுகளிலும் கிடைக்கும் தரவைக் கொண்டே ஒப்பிட இயலும்; சீட்டும் நிதியும் எல்லா நாட்டிலும் இல்லை. இது உண்மையே. ஆனால் ஒப்பீட்டுக்கு எளிதான அளவை கொள்கைக்கும் ஏற்ற அளவை ஆகிவிடாது. ஒப்பீட்டு விகிதத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதனைத் தனியே நிற்க விடாமல் இருந்தால் போதும்.

மாற்று அளவைக்கான கூறுகள்

ஆழத்தைக் காட்டும் ஒவ்வொரு விகிதத்தோடும் மூன்று செய்திகள் சேர்ந்து வருதல் வேண்டும்.

முதலாவது, உள்ளடக்கப் பரப்பு. எப்பதிவேடுகளிலிருந்து அவ்வெண் பெறப்பட்டது, எவை விடப்பட்டன என்பதை அது சொல்லும். சீட்டுப் பதிவாளரிடமும் நிறுவன விவகார அமைச்சகத்திடமும் உள்ள விவரங்களை வங்கி விவரங்களோடு மாவட்ட அளவில் இணைத்து வெளியிடுவது இதன் தொடக்கம். பதிவுபெறாத சீட்டும் நகைச் சேமிப்புத் திட்டமும் குடும்பக் கணக்கெடுப்பின் வழியாக மட்டுமே தெரியவரும்.

இரண்டாவது, பயன்பட்ட இடம். கடன் எங்கு ஒப்புதல் பெற்றது என்பதோடு எங்குச் செலவாயிற்று என்பதையும் இணைத்தே மாவட்ட ஆழம் கணிக்கப்பட வேண்டும். இதற்கான விவரமும் ரிசர்வ் வங்கியிடம் உள்ளது.

மூன்றாவது, மீட்சித்திறன். ஒரே நேரத்தில் வைப்பாளருள் எத்தனை பேர் கேட்டாலும் நிறுவனம் கொடுக்க இயலும் என்பதை அது சொல்லும். கைல் பங்குச்சந்தைக்கு எழுப்பிய வினாவைச் சேமிப்புச் சந்தைக்கு எழுப்பினால் பிறப்பது இவ்வளவையே. நிதி விதிகள் இதற்கான அடிப்படையைத் தாமே கொண்டுள்ளன. ஒரு நிதியின் வைப்புகள் அதன் சொந்த நிதியைப் போல் 20 மடங்குக்கு மிகக் கூடாது. வைப்புகளில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பிணையில்லா வைப்பாக வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைத்திருக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் சொந்த நிதியுள்ள நிறுவனம் 20 கோடி ரூபாய் வைப்புப் பெறலாம். அதில் 2 கோடி ரூபாய் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு வைப்பு ஒரே வாரத்தில் கேட்கப்பட்டால் அத்தொகை தீர்ந்துவிடும். அதன்பின் நகைக்கடனும் சொத்துக்கடனும் திரும்பி வரும் வேகமே நிறுவனத்தைக் காக்கும். விதிகளின்படி நகைக்கடன் ஓராண்டுக்குள் முடிய வேண்டியது. சொத்துக்கடன் ஏழாண்டு வரை நீளலாம். இவ்விரண்டின் விகிதத்தை அறிந்தால், 20 கோடி ரூபாய் வைப்பின் உண்மையான ஆழம் என்னவென்று கணிக்க இயலும். அரையாண்டு அறிக்கைகள் அரசிடம் சென்று சேர்கின்றன. அவை வைப்பாளர் படிக்கும் வடிவில் வெளிவருவதில்லை என்பதே குறை.

காப்பீடும் இவ்வளவையின் கூறாகும். வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி 4 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வங்கியின் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டால் 90 நாளுக்குள் அத்தொகையை வழங்க 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. நிதியிலும் வங்கியல்லா நிறுவனத்திலும் வைத்த வைப்புக்கு இக்காப்பீடு இல்லை. அங்கு வைப்பாளருக்கு உள்ள வழி, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சொத்துகள் முடக்கப்பட்டு, தனி நீதிமன்றத்தின் வழியாக விற்கப்பட்டுத் தொகை பகிரப்படும் வரை காத்திருப்பது. ஒரே தெருவில் ஒரே தொகைக்கு வழங்கப்படும் இரு வைப்புச் சீட்டுகளுள் ஒன்று 90 நாளில் பணமாகும். மற்றொன்று எப்போது பணமாகும் என எவராலும் சொல்ல இயலாது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டும் அளவை அளவை ஆகாது.

முடிவுரை

நிதிச்சந்தை ஆழத்தின் வழக்கமான விகிதங்கள் நாடுகளை வரிசைப்படுத்தப் பயன்படுகின்றன. சேமிப்பாளரின் நிலையை அறியப் பயன்படுவதில்லை. அவை சீட்டையும் அடகையும் நகைச் சேமிப்பையும் காணாதொழிவதால் எளியோரின் நிதிவாழ்வை இல்லாததாக்குகின்றன. காண்பவற்றில் அளவை மட்டுமே காண்பதால் முதியோரின் வைப்புக்கு இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டுகின்றன. முதற்குறையை எண்ணிக்கையால் நீக்கலாம். இரண்டாம் குறையை நீக்க, ஆழம் என்னும் சொல்லின் இரண்டாம் பொருளை, அதாவது அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றலை, அளவைக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆர்பத்நாட் வீழ்ந்தபின் மயிலாப்பூரில் எழுந்த எதிர்வினை ஒரு புதிய வங்கியாக வடிவம் பெற்றது. 1997இன் எதிர்வினை ஒரு சட்டமாக வடிவம் பெற்றது. 2024இன் எதிர்வினை இன்னும் வடிவம் பெறவில்லை. நிதிகளின் அரையாண்டு அறிக்கைகளிலுள்ள பிணையில்லா வைப்பு, சொந்த நிதி, சொத்துக்கடன் ஆகிய மூன்று எண்களை மாவட்டவாரியாக வெளியிடுவது அதற்குரிய சிறிய, செய்யத்தக்க தொடக்கமாக அமையும். அவ்வெண்கள் கிடைத்தபின், சென்னையின் நிதிச்சந்தை எவ்வளவு ஆழமானது என்னும் வினாவுக்கு ஆய்வாளருக்கும் வைப்பாளருக்கும் ஒரே விடை கிடைக்கும்.